மூன்று கோமளவல்லிகளும் ஓர் ஓட்டும்

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணோம் என்று பல பேர் கார்டு போட்டிருக்கிறீர்கள். ஒருவர் "உடம்புக்கு என்ன?" என்கிறார். இன்னொருவர் "உங்கள் பத்தியை நிறுத்திவிட்டார்களா?" என்று கொஞ்சம் ஆசையோடு கேட்கிறார்.

இரண்டும் இல்லை ஸார்... எலெக்‌ஷன் டியூட்டி!

வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்குச் சர்க்கார் வேறு என்ன செய்கிறதோ இல்லையோ, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் ஆர்டர் அனுப்பும். எனக்கு ஸ்ரீரங்கத்தில் பெண்கள் பூத். விடிந்ததும் விடியாததுமாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, காவேரிப் பாலம் தாண்டி, கோயில் மதிலை ஒட்டின ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். என் ஓட்டை முன்னாடியே தபாலில் போட்டாகிவிட்டது. இனி மற்றவர்கள் ஓட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் வேலை ரொம்பச் சுலபம் என்றார்கள். எதிரே வோட்டர் லிஸ்ட். வருகிற அம்மாவிடம் இரண்டே கேள்வி. உங்கள் பேர் என்ன? வீட்டுக்காரர் பேர் என்ன? இரண்டும் லிஸ்டோடு ஒத்துப்போனால் ஒரு கோடு கிழித்து, நம்பரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்டுகள் அவர்கள் லிஸ்டிலும் கோடு கிழிப்பார்கள். அவ்வளவுதான்.

முதல் கேள்விக்குப் பதில் டக்கென்று வந்தது. இரண்டாவது கேள்விக்கு வந்தது... சிரிப்பு!

நம் ஊரில் எந்தப் பெண் புருஷன் பேரைச் சொல்கிறாள்? சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று ஒரு கட்சி. மரியாதை இல்லை என்று இன்னொரு கட்சி. என்ன காரணம் என்றே தெரியாமல், அம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை என்பவர்கள்தான் மெஜாரிட்டி.

கொள்ளிடக் கரையிலிருந்து வெயிலுக்கு முன்னால் ஓட்டுப் போட்டுவிட்டு வயலுக்குப் போக வந்த ஓர் அம்மாள், "சமயபுரத்தா பேரு முன்னாடி... கழுத்துல கோத்துப் போடுறது பின்னாடி..." என்றாள். நான் விழித்தேன். பின்னால் நின்றவள், "மாரிமுத்துங்க!" என்று எடுத்துக் கொடுத்தாள். இன்னொருத்தி ஆறு விரலைக் காட்டிவிட்டு முகத்தைத் தொட்டாள். ஆறுமுகம்! அடுத்தவள், "மலைக்கோட்டையில பாதி மலையில இருக்காரே... உச்சியில இல்லை, பாதியில..." என்றாள். தாயுமானவன்! அப்படியே போய்க்கொண்டிருந்தது. வரிசையில் ஒரே சிரிப்பு. எனக்கும் அலுக்கவில்லை. ஓட்டுச்சாவடியா, கல்யாண வீட்டு விளையாட்டா என்று தெரியாதபடி காலை ஒன்பது மணி வரை ஜோராக நடந்தது.

எங்கள் பிரிசைடிங் ஆபீசர்தான் பாவம், சிரிக்கவில்லை. துறையூர்க்காரர். நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். மடியில் ரூல் புஸ்தகம். யாராவது தும்மினால்கூட அதற்கு விதி இருக்கிறதா என்று பக்கம் புரட்டுவார். "டீச்சரம்மா, விடுகதை எல்லாம் விதியில இருக்குதுங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார். "இல்லைன்னும் இல்லைங்களே" என்றேன். அதையும் புரட்டிப் பார்த்தார்.

பத்து மணி வாக்கில் கோமளவல்லி வந்தாள்.

முப்பத்தெட்டு, நாற்பது வயசு இருக்கும். மடிசார். நெற்றியில் மெல்லிசாக ஸ்ரீசூர்ணம். குளித்து, சமையலை முடித்து, கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. கையில் துளசி. வந்து நின்ற விதமே தனி. மற்றவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள், இவள் பரீட்சை எழுத வந்த பெண்ணைப் போல வந்தாள்.

"பேர் சொல்லுங்கம்மா."

"கோமளவல்லி."

லிஸ்டைப் பார்த்தேன். பார்த்தவுடன் எனக்கு லேசாகத் தலை சுற்றியது. ஒரே தெரு. மூன்று கோமளவல்லி!

ஒருத்தி ரங்கசாமி மனைவி. ஒருத்தி ரங்கராஜன் மனைவி. ஒருத்தி ரங்கநாதன் மனைவி. ஸ்ரீரங்கத்தில் வேறு எப்படி இருக்கும், சொல்லுங்கள்? அங்கே ஒரு தெருவில் நின்று "ரங்கா" என்று கூப்பிட்டால் பாதித் தெரு எட்டிப் பார்க்குமே!

"வீட்டுக்காரர் பேர்?"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பிறகு கோபுரம் இருக்கிற பக்கம் கையைக் காட்டி, "பெரிய பெருமாள் பேர்தான்" என்றாள்.

"மூணு பேருக்கும் அதேதானம்மா! எந்தப் பேர்?"

துளசியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி, கதவு நம்பர் சொல்லுங்க."

சொன்னாள். லிஸ்டில் அந்த நம்பரே இல்லை. முனிசிபாலிடிக்காரர்கள் போன வருஷம்தான் கதவுகளுக்குப் புது நம்பர் எழுதினார்களாம். லிஸ்டில் இருப்பது பழைய நம்பர். பழைய நம்பர் அவளுக்கு ஞாபகம் இல்லை. பழைய நம்பர் மேலேயே சுண்ணாம்பு அடித்துப் புதுசை எழுதிவிட்டுப் போய்விட்டானாம்.

"வயசு சொல்லுங்க. அதை வெச்சுப் பார்த்துடலாம்."

"முப்பத்தெட்டு" என்றாள், தயங்காமல். பாருங்கள், வயசைச் சொல்லத் தயங்காத பெண்மணி! எத்தனை பெரிய விஷயம்! ஆனால் லிஸ்டில் மூன்று கோமளவல்லிக்கும் வயசு ஐம்பது என்று போட்டிருந்தது. எழுதினவன் எந்தக் காலத்தில் வாசலில் நின்று குத்துமதிப்பாக எழுதினானோ!

"அம்பதா? எனக்கா? யார் எழுதினது?" என்று எட்டிப் பார்த்தாள். கணவர் பேரைச் சொல்லக் கேட்டபோது வராத கோபம் இப்போது வந்தது. எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப் போய்விட்டது.

நான் ஒரு யோசனை சொன்னேன். "நான் மூணு பேரையும் படிக்கிறேன். உங்க வீட்டுக்காரர் பேர் வந்ததும் தலையாட்டுங்க. போதும்."

அவள் முகம் மலர்ந்தது. ஆனால் ஏஜென்ட் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்துவிட்டார். இளைஞர். புதுச் சட்டை, புது பேனா, புது அதிகாரம். எல்லா ஏஜென்டுகளுக்கும் கட்சி ஆபீசில் ஒரு பாடம் சொல்லிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது: எதையாவது ஆட்சேபி!

"ஆட்சேபணைங்க! நீங்களே பேரைப் படிச்சு, அவங்க தலையாட்டினா அது எப்படிங்க அத்தாட்சி? யார் வேணும்னாலும் வந்து தலையாட்டிட்டுப் போலாமே?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். பிரிசைடிங் ஆபீசர் உடனே புஸ்தகத்தைப் புரட்டி, "அவரு சொல்றதும் சரிதானுங்களே" என்றார்.

"எழுதிக் காட்டட்டும்" என்று என் பென்சிலை நீட்டினேன்.

கோமளவல்லி பென்சிலை வாங்கவில்லை. "எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் டீச்சர். ஆனா அந்தப் பேரைக் கடுதாசுல எழுதினா நாளைக்கு அதை எங்கே போடுவேள்? கீழே விழும், யாராவது மிதிப்பா. பெருமாள் திருநாமம் இல்லையோ அது?"

"ஓரமா நில்லுங்கம்மா. யோசிச்சு வெச்சுக்கோங்க. அடுத்தவங்க வாங்க" என்றார் துறையூர்க்காரர்.

நகர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். நகரவில்லை. மேஜை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஓரமா நிக்க மாட்டேன்" என்றாள். குரல் பெரிசாக இல்லை, ஆனால் நடுங்கவும் இல்லை. "ரெண்டு தரம் ஓரமா நின்னாச்சு. இது மூணாந்தரம்."

அப்புறம் சொன்னாள். வரிசையில் சிரிப்பு நின்றுபோய் எல்லோரும் கேட்டார்கள்.

முதல் எலெக்‌ஷனுக்கு லிஸ்ட் எழுத ஆள் வந்தபோது இவள் உள்ளே அடுக்களையில் தளிகை பண்ணிக்கொண்டிருந்தாள். வாசலில் மாமியார். "உள்ளே இருக்கிறது யாரு?" "எங்காத்து மாட்டுப்பெண்." அவன் "இன்னார் மனைவி" என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். சொந்தப் பேர் இல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று எழுதினதை எல்லாம் பிறகு மேலிடத்தில் அடித்துவிட்டார்கள். ஓட்டுப் போடுகிற நாளில் இவள் பட்டுப் புடைவை கட்டிக்கொண்டு போனாள். லிஸ்டில் இவள் இல்லை.

இரண்டாவது எலெக்‌ஷனில் பேர் இருந்தது. சொந்தப் பேர், அச்சில்! ஆனால் பூத்தில் இதே கேள்வி. ஆத்துக்காரர் பேர் என்ன? வாய் வரவில்லை. "ஓரமா நில்லுங்கோ" என்றார்கள். நின்றாள். வெயில் ஏறியது. யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய், "கூட்டம் ஜாஸ்தி, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

"அவர் என்ன சொன்னார் தெரியுமா டீச்சர்? 'போனாப் போறது போ, நான்தான் போட்டுட்டேனே, நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே'ன்னார். ஆறுதலாத்தான் சொன்னார். ரொம்ப நல்லவர். ஆனா ராத்திரி எல்லாம் எனக்கு மனசே ஆறலை. அவர் ஓட்டு அவரோடது. என் ஓட்டு என்னோடது. அவர் எப்படி எனக்குச் சேர்த்துப் போட முடியும்? நான் சாப்பிட வேண்டியதை அவர் சாப்பிட்டா எனக்கு வயிறு ரொம்புமா?"

இதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? நான் எட்டாம் வகுப்புக்குக் குடிமைப் பயிற்சி எடுக்கிறவள். அடிப்படை உரிமைகள் மொத்தம் ஏழு. பெண்கள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். பதினைந்தாவது பிரிவு: மதம், இனம், சாதி, ஆண் பெண், பிறந்த இடம்... இவற்றைக் காரணம் காட்டி யாருக்கும் பாகுபாடு செய்யக் கூடாது. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. ஓட்டு அந்த ஏழில் வராது, முந்நூறுக்கு மேலே தனியாக ஒரு பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. அதையும் போர்டில் எழுதிப் போட்டு அடிக்கோடு இழுத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் "நான் சாப்பிட வேண்டியதை அவர் சாப்பிட்டால்" என்று அதை ஒரே வரியில் சொல்ல எனக்குத் தோன்றவில்லையே!

துறையூர்க்காரருக்கும் மனசு இளகிவிட்டது. அவர் உதவி செய்யப் பார்த்தார். அதுதான் ஆபத்து. "அழாதீங்கம்மா" என்றார் (அவள் அழவே இல்லை). "உங்க வீட்டுக்காரரு ஓட்டுப் போட வந்திருக்காருங்களா?"

"பக்கத்துப் பூத்தில போட்டாச்சு. வெளில வேப்பமரத்தடியில குடையோட நிக்கறார்."

"பிரச்சனை தீர்ந்துது! அவரை உள்ளே கூப்பிடுவோம். அவரே வந்து அடையாளம் சொல்லட்டும். ஏஜென்ட் தம்பி, உங்களுக்குச் சம்மதமா?"

"பேஷா!" என்றார் புதுச் சட்டைக்காரர்.

"வேண்டாம்!" என்றாள் கோமளவல்லி. இந்தத் தடவை குரல் பெரிசாகவே வந்தது. ஏஜென்டின் பேனா கீழே விழுந்தது.

"ஏம்மா? ஒரு நிமிஷ வேலைதானே?"

"அவர் வந்து 'இவள்தான் அவள்'ன்னு சொல்லி நான் போடறதுன்னா... அது அவர் போட்டதுதான். போன தடவை மாதிரியேதான். அப்புறம்..." என்று குரலைத் தாழ்த்தி என் பக்கம் குனிந்தாள். "எந்தச் சின்னத்துல குத்தணும்னு காலம்பர காபியோடயே சொல்லிட்டார். பக்கத்துல வந்து நின்னார்னா, கை தானா அங்கேயே போயிடும் டீச்சர்."

அடேயப்பா! இப்போதுதான் எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. அந்த அம்மாள் பத்து வருஷமாகக் காத்திருப்பது வெறுமே ஒரு தாளை மடித்துப் போட அல்ல. தனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்கிறது, அதைப் போட. அதற்குக் குறுக்கே நிற்பது யார்? சர்க்கார் இல்லை. மாமியார் இல்லை. குடையோடு வேப்பமரத்தடியில் நிற்கிற அந்த நல்ல மனுஷர்கூட இல்லை. ஆறு எழுத்துப் பேர் ஒன்று. அதுவும் அவள் வாய்க்குள்ளேயே.

எனக்கு அவசரம். எனக்குக் கோபம். வரிசையோ வாசல் தாண்டிப் போய்விட்டது. என் வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது.

"இதோ பாருங்கம்மா. இந்த நாட்டுச் சட்டம் உங்களையும் அவரையும் சரிசமம்னு சொல்லியிருக்கு. அவர் உங்க பேரை ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுறாரா இல்லையா? நீங்க அவர் பேரை ஒரே ஒரு தடவை சொன்னா என்ன குடி முழுகிடும்? இது என்ன பயம்? இந்தக் காலத்துல! சொல்லிடுங்க, டக்குனு!"

கோமளவல்லி என்னையே பார்த்தாள். கோபப்படவில்லை. ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"உங்காத்துக்காரர் பேர் என்ன டீச்சர்?"

நான் வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன்.

வாசக அன்பர்களே, சிரிக்காதீர்கள். உங்களுக்கே தெரியும். ஏழு வருஷமாக இந்தப் பத்தியில் "எங்கள் வீட்டுக்காரர்", "எங்கள் வீட்டுக்காரர்" என்று அவரைப் பற்றி எழுதாத வம்பு இல்லை. அவர் குறட்டையை எழுதியிருக்கிறேன். அவர் வாங்கி வந்த சொத்தைக் கத்திரிக்காயை எழுதியிருக்கிறேன். அவர் பேரை என்றைக்காவது எழுதியிருக்கிறேனா? லால்குடியிலிருந்து ஒரு வாசகி "அவருக்குப் பேரே கிடையாதா?" என்று கேட்டு மூன்று கார்டு போட்டாகிவிட்டது. மூன்றையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பாரத்தில் எழுதுவேன். ரேஷன் கார்டில், ஸ்கூல் ரிஜிஸ்தரில், எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிடுவேன். வாயால்? பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவை இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் "நோயாளி பேர்?" என்று கேட்டபோதுகூட, படுத்திருந்தவரைத் தட்டி எழுப்பி, "நீங்களே சொல்லுங்க" என்றவள் நான்! காய்ச்சல் நூற்று மூன்று. மனுஷர் கண்ணைத் திறந்து பேரைச் சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

காலையிலிருந்து நூறு பெண்களை "புருஷன் பேர் என்ன" என்று கேட்டு, அவர்கள் நெளிவதைப் பார்த்து ரசித்துச் சிரித்தவள் யார்? நான். பதினைந்தாவது பிரிவுக்கு அடிக்கோடு இழுத்தவள் யார்? நான்தான்.

வெட்கமாகப் போய்விட்டது. நிஜமாகவே.

வரிசை முழுக்க என்னைப் பார்க்கிறது. ஏஜென்ட் பெஞ்சு பார்க்கிறது. துறையூர்க்காரர் புஸ்தகத்தை மூடிவிட்டுப் பார்க்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டேன். காது சுட்டது. கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

"சோ..." என்றேன். "சோம..."

"அப்படித்தான், சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள் வரிசையில் பூக்கூடையோடு நின்ற ஒருத்தி, பிரசவ அறையில் சொல்கிற மாதிரி.

"சோமசுந்தரம்!"

சொல்லிவிட்டேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. வெளியே நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

ஒன்றும் ஆகவில்லை. கூரை அப்படியே இருந்தது. (அவரும் அப்படியே இருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் போய் முதலில் அதைத்தான் பார்த்தேன்.)

கோமளவல்லி சிரித்தாள். உள்ளே வந்ததிலிருந்து முதல் தடவை. பிறகு கையில் இருந்த துளசியை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜன்னல் வழியாகக் கோபுரம் தெரிகிற பக்கம் திரும்பி, கை கூப்பி, கண்ணை மூடி, "ரங்கராஜா!" என்று கூப்பிட்டாள்.

உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு. வரிசையில் நாலைந்து மாமிகள் பழக்கத்தில் "ரங்கா! ரங்கா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் ரங்கராஜன் மனைவி பேருக்கு நேரே பென்சிலை வைத்தேன்.

"ஆட்சேபணைங்க!"

வேறு யார்? புதுச் சட்டை!

"அது சாமியைக் கூப்பிட்டது. புருஷன் பேரைச் சொல்லலை. அதோட, பூத்துக்குள்ள கோஷம் போடக் கூடாதுன்னு விதி இருக்கு!"

கோஷமாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரூல் புஸ்தகத்தை எடுத்து... வேண்டாம், சர்க்கார் சொத்து. நான் வாயைத் திறக்குமுன் கோமளவல்லி கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பி அந்தப் பிள்ளையை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"தம்பி சொல்றது நியாயம்தான். பெருமாள் பின்னாடி ஒளிஞ்சுண்டு சொன்னேன்" என்றாள். "இப்போ கேட்டுக்கோப்பா. என் பேர் கோமளவல்லி. எனக்கு வயசு முப்பத்தெட்டு, அம்பது இல்லை. என் ஆத்துக்காரர் பேர் ரங்கராஜன். போறுமா? இன்னொரு தரம் சொல்லணுமா?"

பூக்கூடைக்காரிதான் முதலில் கை தட்டினாள். கை தட்டலாமா கூடாதா என்று துறையூர்க்காரர் புஸ்தகத்தைத் திறந்தார், பார்த்தார், மூடி வைத்தார். "டீச்சரம்மா, நம்பரைப் படிங்க" என்றார்.

படித்தேன். என் வாழ்க்கையில் எந்த நம்பரையும் அவ்வளவு சந்தோஷமாகப் படித்ததில்லை. ஏஜென்ட் தம்பி குனிந்து கோடு கிழித்துக்கொண்டார். "வேற ஆட்சேபணை இல்லைங்க" என்று தானாகவே சொன்னார்.

விரலில் மை வைத்தார்கள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு சாக்குப் படுதாவுக்குப் பின்னால் போனாள்.

போனவள் வரவில்லை.

போன தடவை வரைக்கும் ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனிப் பெட்டி. இந்தத் தடவைதான் புது முறை, ஒரே தாளில் எல்லாச் சின்னமும், வேண்டியதில் ரப்பர் ஸ்டாம்பு குத்த வேண்டும். குழம்பிவிட்டாளோ என்று எனக்குப் பயம். "அம்மா, உள்ளே எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று துறையூர்க்காரர் குரல் கொடுத்தார்.

"இருக்கு, இருக்கு. வந்துண்டே இருக்கேன்."

ஒருவழியாக வந்தாள். தாளை நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். போட்டபின் பெட்டியின் வாயில் விரலை வைத்து, உள்ளே விழுந்துவிட்டதா என்று ஒரு தரம் தட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமி இவ்வளவு நேரம்?" என்றேன்.

"பத்து வருஷம் காத்துண்டிருந்திருக்கேன். ரெண்டு நிமிஷம் தாளைக் கண்ணால பார்த்துட்டுப் போட வேண்டாமா?"

அதற்குப் பிறகு அந்தப் பூத்தில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். விடுகதை நின்றுபோனது. அடுத்து வந்தவள் மேஜைக்கு வருமுன்பே "நாராயணன்!" என்றாள். அதற்கடுத்தவள் "பெரியசாமி!" என்று கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூக்கூடைக்காரி வந்து, "என் பேரு செல்லம்மா. அவன் பேரு கோவிந்தன். எங்கே போனான்னு தெரியலை. பேரை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான், எழுதிக்கோங்க" என்றாள். எல்லோருமே சொல்லிவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். மதியத்துக்கு மேல் வந்த இன்னொரு கோமளவல்லி, அதுதான் ரங்கநாதன் மனைவி, கடைசி வரை சொல்லவில்லை. பழைய கதவு நம்பரை ஒப்பித்து, மாமியார் பேர், மாமனார் பேர், கொழுந்தன்மார் இரண்டு பேர் பேர் எல்லாம் சொல்லி, ஊரையே சாட்சிக்கு இழுத்து, ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போனாள். அதுவும் அவள் இஷ்டம். பேரைச் சொல்ல ஒருத்திக்கு உரிமை உண்டென்றால், சொல்லாமலிருக்க இன்னொருத்திக்கு உண்டு இல்லையா? ஓட்டு மட்டும் இரண்டு பேருக்கும் உண்டு. அதுதான் கணக்கு.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. டில்லியில் பெரிய பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து நமக்கு உரிமை எல்லாம் எழுதி வைத்துவிட்டார்கள். நல்ல எழுத்து. ஆனால் எழுதின இடத்திலிருந்து அது நம் வீட்டுக் கூடம் வரைக்கும் வந்து சேர யாராவது ஒருத்தர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு "ஓரமா நிக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு அடுத்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன். பரீட்சைக்கு வராது. பரவாயில்லை.

கதை இன்னும் முடியவில்லை. காலையில் ஓட்டுப் போட்ட கையோடு கோமளவல்லி படியிறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பேச்சும் காதில் விழுந்தது. வேப்பமரத்தடியில் ரங்கராஜன். ஒல்லியாக, சாதுவாக, கையில் குடை. இவளைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பாவம், நிஜமாகவே நல்லவர்தான்.

"ஆச்சா? இந்தத் தரம் போட்டுட்டியா?"

"ஆச்சு" என்று விரலைக் காட்டினாள்.

"பேஷ்! நான் சொன்னதுலதானே குத்தினே?"

"அதைச் சொல்லப்படாது. சட்டம்."

"வெளியாளுக்குச் சொல்லப்படாது. நான் உன் ஆத்துக்காரன்டி!"

கோமளவல்லி அவர் கையிலிருந்து குடையை வாங்கினாள். பிரித்து இரண்டு பேருக்கும் பொதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

"இருபது வருஷமா உங்க பேரை ஊருக்குச் சொல்லாம இருந்தேனோல்லியோ? இனிமே ஒருத்தர் பேரை உங்களுக்குச் சொல்லாம இருக்கேன். வாங்கோ, போலாம்."

பின்குறிப்பு: சோமசுந்தரமும் வீட்டில் இதே கேள்வியைக் கேட்டார். நானும் சொல்லவில்லை.